ஓ.சி. இனி ஓசியில்லை

அக்கா பையன் போன மாதம் கையில் ஒரு கொட்டேஷனோடு வந்தான். கம்ப்யூட்டர் வாங்கப் போகிறானாம். சாதா கம்ப்யூட்டர் இல்லை, கேமிங் கம்ப்யூட்டர். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். அவன் சம்பளம், அவன் காசு. நான் யார் கேட்க? ஆனால் பி.காம். படித்தவனிடம் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கண் முதலில் கூட்டுத்தொகைக்குப் போகும், அப்புறம் ஒவ்வொரு வரியாக மேலே ஏறும். அப்படி ஏறும்போது ஓர் இடத்தில் இடறியது. ப்ராஸசர் நாற்பத்தாறாயிரம். அதைச் செருகி வைக்கிற மதர்போர்டு அறுபத்தெட்டாயிரம்.

"என்னடா இது, குதிரை விலையைவிட லாயத்து விலை ஜாஸ்தியா இருக்கு?"

"மாமா, இது ஓ.சி. போர்டு."

"ஓசியா? அறுபத்தெட்டாயிரம்னு போட்டிருக்கானே!"

பாவம் இந்த மனுஷன் என்பது போல் பார்த்தான். ஓ.சி. என்றால் ஓவர்க்ளாக்கிங்காம். ப்ராஸசரைக் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுவது.

அது எனக்கும் தெரியும் தம்பி. நிஜமாகவே அது ஓசியாக இருந்த காலமும் தெரியும்.

1998 ஆகஸ்டில் இன்டெல் ஒரே சமயத்தில் இரண்டு சிப்களை இறக்கியது. ஒன்று பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், விலை 669 டாலர். இன்னொன்று ஏழைகளுக்கான செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ், 149 டாலர். சிப்பின் வேகம் என்பது ஒரு சாதாரணப் பெருக்கல் கணக்கு. மதர்போர்டு போடும் தாளம் ஒரு எண், சிப்புக்குள் இருக்கும் பெருக்கி இன்னொரு எண். செலரானுக்குத் தாளம் 66, பெருக்கி நாலரை. ஆகவே 300. தாளத்தை 66-லிருந்து 100-க்கு ஏற்றினால்? 450! பெரும்பாலான செலரான்கள் மூச்சு வாங்காமல் அந்த வேகத்தில் ஓடின. 669 டாலர் சிப்போடு தோளோடு தோள் நின்றன. தைவானைச் சேர்ந்த அபிட் கம்பெனி, பிஹெச்6 என்று ஒரு போர்டு விற்றது. அதில் பெட்டியைத் திறந்து ஜம்பரைப் பிடுங்கிக் குத்த வேண்டிய அவசியம்கூட இல்லை. கீபோர்டிலேயே தாளத்தை மாற்றிக்கொள்ளலாம். அம்பது சதவீதம் அதிக வேகம், நயா பைசா செலவில்லாமல்.

இது எப்படி சாத்தியம் என்று கேட்பீர்கள். சிப் கம்பெனியில் ஒரே வார்ப்பில் வருகிற சிப்கள்தான், சோதித்துப் பார்த்து, இது இந்த வேகம், அது அந்த வேகம் என்று தரம் பிரிக்கிறார்கள். நல்ல சிப் நிறைய விளைந்து, மலிவு சிப்புக்கு மார்க்கெட்டில் கிராக்கி இருந்தால், நல்லதிலேயே மலிவு லேபிளை ஒட்டி அனுப்புவதும் உண்டு. கோழைத்தனமான நம்பர் போட்ட தைரியசாலி சிப் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஓவர்க்ளாக் செய்கிறவன் அந்த லேபிளை நம்ப மறுத்தவன். அவ்வளவுதான். அதில் திருட்டு இல்லை. காசு கொடுத்து வாங்கின பொருளை முழுசாகப் பயன்படுத்திக்கொள்வது எந்த சட்டத்தில் குற்றம்?

கம்பெனிக்காரர்களின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் அது குற்றம். 669 ரூபத்தில் வரவேண்டிய வரவு 149 ரூபத்தில் வந்தால் எரியாதா? பெருக்கிக்குப் பூட்டுப் போட்டார்கள். ஒரு நியாயமான காரணமும் சொன்னார்கள், அதை மறைக்க மாட்டேன். மலிவு சிப்பின் மேலே இருந்த எழுத்தை அழித்து, பெரிய நம்பரை அச்சடித்து விற்ற ஃபோர்ஜரி கும்பல்கள் அப்போது நிஜமாகவே இருந்தன. சரி, பூட்டு தேவைதான் என்று வைத்துக்கொள்வோம். 2000 வாக்கில் ஏ.எம்.டி.யின் டியூரான், அத்லான் சிப்களில் அந்தப் பூட்டை எதால் திறந்தார்கள் தெரியுமா? பென்சிலால். சிப்பின் மேல் வெட்டுப்பட்ட சின்னச் சின்னப் பாலங்கள் இருக்கும். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்துமே, அந்த இடங்களை ஜாக்கிரதையாகத் தீற்றினால் பூட்டு திறந்துகொள்ளும். உலகத்திலேயே மலிவான கள்ளச்சாவி.

இந்தக் கூத்து நீடிக்குமா? 2011 ஜனவரியில் இன்டெல் தன் புதுத் தலைமுறையில் தாளத்தையும் சேர்த்துக் கட்டிப்போட்டது. தாளத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலே மற்றதெல்லாம் தடுமாறும். அப்புறம் வேகம் ஏற்ற ஒரே வழி பெருக்கிதான். அது திறந்திருக்க வேண்டுமானால் பெயரின் கடைசியில் 'கே' என்ற எழுத்துள்ள சிப்பை வாங்க வேண்டும். ஐ5-2500 சிப் 205 டாலர், 2500கே 216 டாலர். பதினோரு டாலர்தானே, போகட்டும் என்கிறீர்களா? அங்கேதான் சூட்சுமம். 'கே' வாங்கினால் போதாது, அதை ஓட்ட அனுமதியுள்ள உசத்தி வகை சிப்செட் கொண்ட மதர்போர்டும் வேண்டும். மலிவு போர்டில் செருகினால் சாவி கையில், பூட்டு வேறு வீட்டில். ஓசியில் கிடைத்ததற்குப் பூட்டுப் போட்டு, சாவியை இரண்டு துண்டாக்கி, இரண்டு கடையில் விற்றார்கள். வியாபாரம் என்றால் இது வியாபாரம்.

அதற்கு முந்தின வருஷம், 2010-ல், இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இன்டெல் ஒரு பென்டியம் சிப்பை விற்று, அதற்குள் ஏற்கனவே இருக்கும் சில வசதிகளைத் திறந்துவிட அம்பது டாலருக்குக் கார்டு விற்றது. சுரண்டும் ரீசார்ஜ் கூப்பன் மாதிரி! எல்லோரும் காறித் துப்பியதில் சீக்கிரமே அந்தத் திட்டத்தை மூட்டை கட்டிவிட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், 'கே'யும் அதே கூப்பன்தான். கடையிலேயே சுரண்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.

2015 கடைசியில் மறுபடி ஒரு சந்து கிடைத்தது. ஏ.எஸ்.ராக் போன்ற சில போர்டு கம்பெனிகள் பயாஸில் ஒரு மாற்றம் செய்து 'கே' இல்லாத ஸ்கைலேக் சிப்களையும் ஏற்றி ஓட்ட வழி செய்தன. இரண்டு மாதம்கூட முழுசாக அனுபவிக்கவில்லை. 2016 பிப்ரவரிக்குள் இன்டெல் அந்தச் சந்தை அடைத்தாகிவிட்டது. போர்டு கம்பெனிகள் வாய் திறக்கவில்லை. படியளக்கிற முதலாளி ஆயிற்றே.

"மாமா, நான் வாங்கறது ஏ.எம்.டி. அதுல பூட்டே கிடையாது" என்றான் பையன்.

நல்ல பாயின்ட். 2017-லிருந்து ரைசன் சிப்களில் ஏறக்குறைய எல்லாமே திறந்த பெருக்கியோடு வருகின்றன. நடுத்தர விலை பி வரிசை போர்டிலேயே ஓவர்க்ளாக் செய்யலாம். மனசாரப் பாராட்டுகிறேன். அப்படியானால் என் கேள்வி இன்னும் பெரிசாகிறதே! சாவி இலவசம் என்றால், அறுபத்தெட்டாயிரம் எதுக்குடா?

ஸ்பெக் ஷீட்டை எடுத்துக் காட்டினான். படித்தேன். மின்சார விஷயத்தில்தான் போர்டுக்காரர்கள் மார் தட்டுகிறார்கள். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை ப்ராஸசருக்குத் தேவையான ஒண்ணேகால் வோல்ட் சுமாருக்கு இறக்கித் தருவதற்கு வி.ஆர்.எம். என்று ஒரு பகுதி உண்டு. உசத்தி போர்டுகளில் இருபது ஸ்டேஜ், ஒவ்வொன்றும் 105 ஆம்பியர் தாங்கும் என்கிறார்கள். இருபதை நூற்றைந்தால் பெருக்குங்கள், 2,100 ஆம்பியர். இன்டெல்லின் பகாசுரன் ஐ9-13900கே அதிகபட்சமாக 253 வாட் சாப்பிடலாம் என்பது கம்பெனி விதி. சுமார் இருநூறு ஆம்பியர். விரட்டி விரட்டி ஓட்டினாலும் அதில் இரண்டு பங்கைத் தாண்டுவது வீட்டில் நடக்கிற காரியமில்லை. வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்க ஏரி மதகு எதற்கு? 2023-ல் ஒரு சிப்பை 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றி உலக சாதனை செய்தார்கள். திரவ ஹீலியம் ஊற்றி, மைனஸ் இருநூறுக்கும் கீழே குளிர வைத்து. அவர்களுக்கு அந்த மதகு தேவைதான். என் அக்கா வீட்டு மாடி ரூமில் திரவ ஹீலியத்துக்கு இடமில்லை. ஏசியே இப்போதுதான் போட்டார்கள்.

அதோடு, இன்றைய சிப் தானாகவே தன் எல்லை வரைக்கும் ஓடிப்போய் நிற்கிறது. சூடு, மின்சாரம் எல்லாவற்றையும் அளந்து தானே வேகம் கூட்டிக்கொள்கிறது. கையால் ஏற்றி நாலைந்து சதவீதம் கிடைத்தாலே கொண்டாட்டம். அன்று சைபர் ரூபாய்க்கு அம்பது சதவீதம், இன்று மூன்று மடங்கு விலைக்கு ஐந்து சதவீதம். பி.காம். முதல் வருஷத்தில் குறைந்து செல் பயன்பாட்டு விதி என்று ஒன்று நடத்தினார்கள். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் வாத்தியாருக்கும் கிடைக்கவில்லை.

மிச்சக் காசு எங்கே போகிறது? கலர் விளக்கு, போர்டின் மேலேயே ஒரு குட்டி டிவி, அரை கிலோ அலுமினிய அலங்காரம். உருப்படியானவையும் இருக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ப்ராஸசர் இல்லாமலே பென்டிரைவ் செருகி பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் நல்ல விஷயம். கம்ப்யூட்டர் எழுந்திருக்காமல் மக்கர் பண்ணும்போது எங்கே சிக்கல் என்று இரண்டு எழுத்தில் காட்டும் குட்டி டிஸ்ப்ளே அதைவிட நல்ல விஷயம். ஆனால் முதல்முறை கம்ப்யூட்டர் பூட்டுகிற பையனுக்குத்தானே அது வேண்டும்? அவன் வாங்குகிற மலிவு போர்டில் அது இருக்காது. நூறு கம்ப்யூட்டர் பூட்டின கில்லாடி வாங்கும் போர்டில் இருக்கும்.

விலையைக்கூட மன்னிக்கலாம். ஆசைக்கு விலை கிடையாது. நான் மன்னிக்க மறுப்பது வேறு.

உசத்தி போர்டுக்காரர்களுக்குள் போட்டி. பக்கத்து கம்பெனியைவிட ரெவ்யூவில் ரெண்டு பாயின்ட் அதிகம் வாங்க வேண்டும். என்ன செய்தார்கள்? நீங்கள் கேட்காமலே, சொல்லாமலே, பெட்டியிலிருந்து எடுத்ததுமே ப்ராஸசரை முறுக்கி ஓட்டினார்கள். 253 வாட் என்ற வரம்பு இருந்த இடத்தில் பல போர்டுகள் 4,096 வாட் என்று போட்டு வைத்தன. அதாவது வரம்பே இல்லை, நாலு வீட்டுக்கு ஏசி ஓடுகிற மின்சாரம்! ஓவர்க்ளாக்கிங் என்ற வார்த்தையே தெரியாத ஒரு டிசைனர் அக்காவும் அந்த போர்டு வாங்கினால் ஓவர்க்ளாக்கர்தான்.

2023, 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை உசத்தி சிப்கள் கேம் நடுவில் பொத் பொத்தென்று விழுந்தன. திரையில் வந்த செய்தி என்ன? வீடியோ மெமரி போதவில்லை என்று! பழி கிராஃபிக்ஸ் கார்டின் மேல். நல்ல கார்டைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. 2024 ஏப்ரலில் இன்டெல், போர்டுகள் பாதுகாப்பு வரம்புகளைக் கழற்றி வைத்திருக்கின்றன என்று சுட்டிக் காட்டியது. ஆனால் வீட்டுக்குள்ளேயும் கோளாறு. சிப்பின் மைக்ரோகோடே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைத்தானே தேய்த்துக்கொண்டிருந்தது. செப்டம்பரில் நாலு காரணம் சொன்னார்கள், அதில் ஒன்று போர்டுகளின் அந்த முறுக்கல். வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டினார்கள். தேய்ந்த சிப்பைப் புது மைக்ரோகோடு குணப்படுத்தாது.

ஏ.எம்.டி. மட்டும் யோக்கியமா? 2023 ஏப்ரலில் ரைசன் 7800எக்ஸ்3டி சிப்கள் சாக்கெட்டிலேயே கருகின படங்கள் வந்தன. போர்டுகள் எஸ்.ஓ.சி. வோல்டேஜை எக்கச்சக்கமாக ஏற்றியதுதான் சங்கதி. 1.3 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஏ.எம்.டி. கடிவாளம் போட்டது. அஸூஸ் கம்பெனி அதற்கான புது பயாஸை வெளியிட்டபோது, சோதனைப் பதிப்பான அதைப் போட்டால் வாரன்டி போய்விடும் என்கிற ரீதியில் ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே போட்டது. தீ அணைக்கும் தண்ணீரை ஊற்றினால் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது! ஊர் கூடி மொத்தியபின், மே மாதம், வாரன்டி உண்டு என்று பல்டி.

அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ஓவர்க்ளாக்கிங். ஏ.எம்.டி.யின் வாரன்டி விதியில் பொடி எழுத்தில், எங்கள் சாதனம், எங்கள் மென்பொருள் வழியாகவே செய்திருந்தாலும் வாரன்டி செல்லாது என்கிற அர்த்தத்தில் ஒரு வாசகம். மெமரி ஸ்டிக்கின் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வேகத்துக்கு வர ஒரு ப்ரொஃபைலைத் தட்டினாலே அதுவும் ஓவர்க்ளாக்கிங் கணக்கில்தான் வரும். அக்கவுன்டன்ஸியில் கன்டின்ஜென்ட் லயபிலிட்டி என்பார்கள், வரலாம் வராமலும் போகலாம் என்கிற கடன். அதைக் கம்பெனி தன் ஏட்டில் எழுதாமல் வாங்குகிறவன் ஏட்டில் எழுதிவிட்டு, லாபத்தை மட்டும் தன் பக்கம் வைத்துக்கொள்கிறது.

முடியாத காரியமா என்றால், இல்லை. 2025-ல் இன்டெல்லே கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு ஒரு பூஸ்ட் ப்ரொஃபைல் விட்டு, இதைத் தட்டினால் வாரன்டி போகாது என்று அறிவித்தது. மனசு வைத்தால் வழி இருக்கிறது. (அதுவும் 'கே' சிப்புக்கும் உசத்தி போர்டுக்கும் மட்டும்தான். நாய் வால்.) பெட்டி மேல் என்ன வேகம் போட்டு விற்கிறாயோ அதற்குப் பொறுப்பேற்றுக்கொள். முறுக்கி ஓட்டுவதானால் முதல் தடவை திரை வரும்போதே கேட்டுவிட்டு ஓட்டு. இதற்கு எந்த இருபது ஸ்டேஜும் தேவையில்லை.

இத்தனையும் சொல்லி முடித்தேன். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க கார் வாங்கினப்ப அலாய் வீல் போட்டீங்களே மாமா, அதுல எத்தனை பர்சன்ட் வேகம் கூடிச்சு?" என்றான்.

அக்கா உள்ளேயிருந்து சிரித்தாள்.

ஆனாலும் கேட்டுக்கொண்டான். பத்தொன்பதாயிரத்தில் ஒரு பி வரிசை போர்டு வாங்கினான், மிச்சத்தை கிராஃபிக்ஸ் கார்டில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பூட்டி முடித்து ராத்திரி பத்தரைக்கு போன் செய்தான். பட்டனைத் தட்டினால் ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை, ஓரத்தில் ஒரு ஆரஞ்சு லைட் மட்டும் எரிகிறது.

"அந்த போர்டா இருந்தா என்ன பிரச்னைன்னு நம்பர் காட்டியிருக்கும் மாமா."

புது மெமரி முதல் தடவை தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம் ஆகும், கை வைக்காதே, அப்படியே விடு என்றேன். எங்கேயோ படித்தது. போனை வைக்காமல் இரண்டு பேரும் காத்திருந்தோம். ஏழாவது நிமிஷம் திரை வந்தது.