தொட்டிக்குத் தொட்டியில் பிறந்த மீனே போதும்

மீன்தொட்டி நம் இல்லங்களுக்குப் புதிதன்று. வரவேற்பறையின் ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டி, அதில் இரண்டு தங்கமீன், நாலைந்து கப்பி, வாயால் குமிழி விடும் ஒரு பொம்மை; இவை இல்லாத தெரு அரிது. சென்னை கொளத்தூரில் நன்னீர் அலங்கார மீன் வளர்ப்பு ஒரு தொழிலாகவே வேரூன்றியிருக்கிறது. கடைகளில் நாம் காணும் நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்து பண்ணைகளிலேயே வளர்ந்தவை. அவற்றை வாங்குவதால் எந்த ஏரியும் வெறுமையாகிவிடுவதில்லை. கடல்மீன்களின் நிலை அவ்வாறன்று. அழகுக்காக விற்கப்படும் கடல்மீன் இனங்களில் மிகப் பல, இன்றும் பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவையே. இதற்கு விலக்காக நிற்கும் சில இனங்களுள் முதன்மையானது, சிறுவர் சிறுமியர் எல்லாரும் அறிந்த கோமாளி மீன்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடலிலிருந்து பிடித்த கோமாளி மீனை வீட்டுத் தொட்டிக்கு வாங்கலாகாது. தொட்டியில் பிறந்ததை வாங்கலாம். வாங்கிய மீன்கள் முட்டையிட்டு, அவற்றின் குஞ்சுகளை வளர்க்க வேண்டும் என்ற ஆசை வந்தால், முட்டைக்கு முன்னரே குஞ்சுகளின் உணவை ஆயத்தம் செய்ய வேண்டும். இது இயலாதென்றால் மீனைப் பார்த்து மகிழ்வதோடு நிற்கலாம்; அதில் குறையொன்றும் இல்லை.

2003-ஆம் ஆண்டில் ‘ஃபைண்டிங் நீமோ’ என்ற ஆங்கிலக் கார்ட்டூன் படம் வெளிவந்தது. ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்ட இம்மீனை உலகம் முழுவதும் அறிமுகப்படுத்தியது அப்படமே. பவளப்பாறையில் வாழும் குஞ்சு மீனைப் பல் மருத்துவர் ஒருவர் பிடித்துச் சென்று, சிட்னி நகரில் உள்ள தம் தொட்டியில் அடைத்துவிடுகிறார். தந்தை மீன் கடலெல்லாம் அதைத் தேடி அலைகிறது. இக்கதையைக் கண்டு கண் கலங்கிய பிள்ளை, வீடு திரும்பியதும் ‘எனக்கும் ஒரு நீமோ வேண்டும்’ என்று அடம் பிடித்தால் அதை என்னவென்று சொல்வது! படத்திற்குப் பின் இம்மீனின் விற்பனை வெகுவாகப் பெருகிவிட்டது என்று பரவலாகப் பேசப்பட்டது. ஆராய்ந்தவர்கள் எல்லாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பெருகியதோ இல்லையோ, பிள்ளை கேட்கும்போது பெற்றோர் என்ன விடை சொல்வது என்ற கேள்வி இருக்கவே செய்கிறது.

விடை சொல்லுமுன் இம்மீன் கடலில் எப்படி வாழ்கிறது என்று பார்ப்போம். கடற்சாமந்தி என்பது பார்வைக்குப் பூப்போல் விரிந்திருக்கும்; உண்மையில் அது விலங்கு. அதன் விரல்கள் போன்ற உணர்கொம்புகளில் கொட்டும் நஞ்சு உண்டு. மற்ற சிறு மீன்கள் அண்ட அஞ்சும் அவ்விடத்தில் கோமாளி மீன் அச்சமின்றிக் குடியிருக்கிறது. அதன் உடலைப் போர்த்திய வழுவழுப்பான பசையே அதற்குக் காப்பு. கடற்சாமந்தி மீனைக் காக்கிறது. கடற்சாமந்தியைக் கொறிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களை இது விரட்டுகிறது.

ஒரு கடற்சாமந்தியில் ஒரு சிறு குழு வாழும். அதில் மிகப் பெரியது பெண். அடுத்தது அதன் துணையாகிய ஆண். மீதமுள்ளவை ஆணுமாகாமல் பெண்ணுமாகாமல் சிறியவையாகவே காத்திருக்கும். பெண் இறந்துவிட்டால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும்; சிறியவற்றுள் மூத்தது ஆணாகும். (படத்தில் தாய் இறந்த பின்னும் தந்தை தந்தையாகவே இருந்தது கதையின் வசதிக்காக என்று கொள்க.) குடும்பத் தலைமை எப்போதும் பெண்ணுக்கே, முட்டைகளைக் காத்து, துடுப்பால் விசிறி, கெட்டுப்போனவற்றைப் பொறுக்கி எறியும் வேலை பெரும்பாலும் ஆணுக்கு. தோழியர் இதைக் குறித்துக்கொள்ளலாம். தந்தையர் வருந்த வேண்டா.

இந்த வாழ்க்கை முறையே இம்மீனுக்கு ஆபத்தாகவும் முடிகிறது. தன் கடற்சாமந்தியை விட்டுச் சில மீட்டர் தூரம்கூடச் செல்லாத மீனைப் பிடிப்பது எளிது. மூழ்குபவர் ஒருவர் சிறு வலையோடு சென்றால் ஒரு குடும்பத்தையே சில நிமிடங்களில் அள்ளிவிடலாம். பெரிய பெண்மீனை எடுத்துவிட்டால், மற்றொன்று பெண்ணாக மாறி முட்டையிடத் தொடங்கும்வரை அங்கே இனப்பெருக்கம் நின்றுபோகும். குடும்பம் முழுவதும் போய்விட்டால் கடற்சாமந்தியும் காவலின்றி நிற்கும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் அலங்கார மீன்களை மயக்கிப் பிடிக்க சயனைடு நஞ்சைப் பீய்ச்சும் வழக்கமும் இருந்து வந்திருக்கிறது. அந்நஞ்சு மீனோடு நிற்பதில்லை. பக்கத்துப் பவளங்களையும் கொல்கிறது. நம் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறி வெளிறிப்போனவை. ஏற்கெனவே நலிந்து நிற்கும் இடத்தில் நம் வரவேற்பறைக்காகவும் கை வைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை என்று சொல்ல நமக்கு வழி இருக்கிறது. 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவர் கோமாளி மீன்களைத் தொட்டியில் இனம் பெருக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் நாட்டில் மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீன் குஞ்சுகளை வளர்த்தெடுக்கும் முறைகளைச் செய்து காட்டியுள்ளன. ஆகவே ‘கடலிலிருந்துதான் கிடைக்கும்’ என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால், அது சாக்கு. தொட்டியில் பிறந்த மீனுக்குக் கடற்சாமந்தியும் தேவையில்லை. அது இல்லாமலே வாழும், முட்டையும் இடும். குருணைத் தீனிக்கு அது பழகியிருக்கும். கடலில் பிடித்த மீனோ, தீனி இன்னதென்று தெரியாமல் பல நாள் பட்டினி கிடப்பதுண்டு. கடையில் ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லிப் பாருங்கள். ஓடி வந்து தின்றால் பாதி ஐயம் தீர்ந்தது.

இனி குஞ்சு வளர்ப்புக்கு வருவோம். இரண்டு இளம் மீன்களைச் சேர்த்து விட்டால் ஒன்று பெரிதாகிப் பெண்ணாகும், மற்றது ஆணாகும். ஜோடி தேடும் சிரமமே இல்லை. ஆனால் அவை முதிர்ந்து முட்டையிட ஓராண்டோ அதற்கு மேலோ பிடிக்கும். நீரின் உப்பு மாறாதிருக்க வேண்டும், ஹைட்ரோமீட்டரில் 1.025 அளவில் நிற்பது நலம். வெப்பம் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ். நீர் ஆவியாகிக் குறைந்தால் உப்புநீரை ஊற்றக் கூடாது, நன்னீரையே ஊற்ற வேண்டும். நீர்தான் ஆவியாகிறதே தவிர உப்பு ஆவியாவதில்லை. ஏழாம் வகுப்பு அறிவியல்தான், எனினும் பெரியவர்கள் மறந்துபோவது இதைத்தான்.

தொட்டிக்குள் ஒரு மண்சட்டியைச் சாய்த்து வைத்தால் போதும். ஒரு நாள் இரண்டும் சேர்ந்து அதன் ஓரிடத்தை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். பிறகு பெண் நூற்றுக்கணக்கான முட்டைகளை அங்கே ஒட்டிச் செல்லும். ஆண் பின்னாலேயே வந்து கருவுறச் செய்யும். முதலில் முட்டைகள் ஆரஞ்சு நிறம். நாளாக ஆகக் கறுத்து, கடைசியில் ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு வெள்ளிக் கண்கள் மின்னும். ஏறத்தாழ ஒரு வாரத்தில், விளக்கணைந்த பின் இருட்டில், குஞ்சுகள் வெளிவரும். இதைக் கண்டவர்கள் துள்ளிக் குதிப்பது இயல்பே. ஆனால் உண்மையான வேலை அந்த இரவில்தான் தொடங்குகிறது என்பதை எத்தனை பேர் அறிவர்?

குஞ்சின் நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர். பெற்றோர் மீன்களே அதைத் தின்றுவிடக்கூடும், வடிகட்டி உறிஞ்சிவிடும். ஒரு மூலையில் டார்ச் விளக்கைக் காட்டினால் குஞ்சுகள் ஒளியை நாடி வரும். அப்போது குவளையால் நீரோடு மொண்டு வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். வலையில் எடுத்தால் பிழைக்காது. அல்லது பொரிக்கும் நாளன்று சட்டியையே மாற்றிவிடலாம். அப்போது தந்தை விசிறிய விசிறலை மென்மையான காற்றுக்குமிழிகள் செய்ய வேண்டும். குஞ்சுத் தொட்டியின் பக்கங்களை மறைத்து வைப்பது நல்லது. கண்ணாடியில் படும் வெளிச்சத்தை நோக்கி முட்டி முட்டியே அவை சோர்ந்துவிடும்.

அடுத்தது பசி. தூள் தீனியை இக்குஞ்சு ஏறெடுத்தும் பாராது. உயிரோடு அசையும் இரையே வேண்டும். அதுவும் அதன் சின்னஞ்சிறு வாய்க்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அந்த இரைதான் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர். ஒரு மில்லிலிட்டர் நீரில் பத்தாவது இருந்தால்தான் குஞ்சு அலையாமல் உண்ணும். ரோட்டிஃபருக்கு உணவு பச்சைப் பாசி நீர். குழந்தைக்குப் பால் வேண்டும், பாலுக்குப் பசு வேண்டும், பசுவுக்குப் புல் வேண்டும் என்பது போன்ற கதை இது. முட்டையைக் கண்ட பின் புல் விதைக்கப் போனால் குழந்தை என்னாவது? பாசியும் ரோட்டிஃபரும் வாளிகளில் பெருகி நிற்கும் வீட்டில்தான் குஞ்சு பிழைக்கும். ஒரு வாரம் சென்றபின் புதிதாகப் பொரித்த ஆர்டீமியா கொடுக்கலாம். நம் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் வாழும் சிற்றிறால் வகைதான் அது. எட்டாம் நாள் முதல் பதினைந்தாம் நாளுக்குள், கண்ணாடி போலிருந்த குஞ்சின்மேல் நிறம் ஏறி வெள்ளைப் பட்டை தோன்றும். அதைக் கடந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். அதுவரை நாள்தோறும் அடியில் தங்கும் கழிவை உறிஞ்சி எடுத்து, நீரைச் சிறிது சிறிதாக மாற்றி, மின்வெட்டு வந்தால் பேட்டரியில் இயங்கும் காற்றுக் கருவியை ஓட்டி, ஒருவர் காவல் இருக்கத்தான் வேண்டும். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் இதைத் தொடங்கும் மாணவிக்கு எங்கள் அனுதாபங்கள்! வீட்டில் இப்பணி முழுவதும் அம்மாவின் தலையில் விழும் என்றால், தொடங்காமலிருப்பதே நன்று.

‘கடல்மீன் கடலிலேயே இருக்கட்டும், தொட்டியே வேண்டா’ என்பார் உளர். அவர்கள் கூற்றை நாங்கள் எள்ளவில்லை. கடலில் பிடித்த மீனைப் பொறுத்தமட்டில் அவர்கள் சொல்வதே சரி. ஆயினும் தொட்டியில் பிறந்த மீன் எந்தப் பவளப்பாறையிலிருந்தும் பறிக்கப்பட்டதன்று. அந்தக் குஞ்சை நாற்பது நாள் வளர்த்துப் பார்த்த சிறுமிக்கு, கடலில் ஒரு மீன் வளர்வதற்கு என்னென்ன தேவை என்பதைப் பாடநூலின் பத்துப் பக்கங்களும் அப்படிச் சொல்லித் தர இயலாது.

அதே சமயம் இவ்வளர்ப்பில் நாங்கள் விரும்பாத ஒன்றும் உண்டு. பட்டைகள் சிதைந்தவை, திட்டுத் திட்டாக வெளுத்தவை ஆகிய மீன்களைப் பொறுக்கி இனம் பெருக்கி, புதுப்புதுப் பெயர் சூட்டி, சாதாரண மீனைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். புடவைக் கடையில் புது டிசைன் கேட்பது போல மீனிலும் கேட்கத் தொடங்கினால், அடுத்த ஆண்டு இந்த டிசைன் பழையதாகிவிடும். மீனோ நன்கு பேணினால் இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. அதை யார் வைத்துக்கொள்வது?

குஞ்சுகள் பிழைத்துவிட்டாலும் இதே கேள்வி எழும். ஒரு ஜோடி மாதம் இருமுறைகூட முட்டையிடும். ஒரு முறையில் நூறு பிழைத்தாலே வீடு தாங்காது. எனவே மீன் கடைக்காரரிடமோ கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் மற்ற குடும்பங்களிடமோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். ‘மிஞ்சியதை ராமேசுவரம் போகும்போது கடலில் விட்டுவிடலாமே, புண்ணியமாயிற்று’ என்று தாத்தா சொன்னால், பணிவோடு மறுத்துவிடுங்கள். கடைகளில் மிகுதியாக விற்கும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் மன்னார் வளைகுடாவுக்கு உரியதன்று. நம் கரையோரக் கடற்சாமந்திகளில் குடியிருப்பது அமெரிக்கக் கண்டத்தையே காணாத, சேபே என்று பெயர் பெற்ற வேறொரு கோமாளி இனம். தொட்டியில் தொற்றிய நோயையும் சேர்த்துச் சுமந்து செல்லும் அந்நியக் குஞ்சுக்குக் கடலில் குடியேற ஒரு கடற்சாமந்தி கிடைக்குமுன், அதை விழுங்கப் பெரிய மீன் ஒன்று காத்திருக்கும்.