காரணத்தைச் சொல்லுங்கள், இல்லையேல் மேடைக்கு வாருங்கள்
துருக்கி வானொலி தொலைக்காட்சி நிறுவனத்துக்கு (டிஆர்டி) ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டிஆர்டி தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் துருக்கி கடைசியாகப் பாடியது 2012-இல், பாக்கு நகரில். ஜான் பொனோமோ ஏழாம் இடம் பெற்றார். அந்த டிசம்பரிலேயே, இனி வரமாட்டோம் என்று உங்கள் நிறுவனம் அறிவித்துவிட்டது. அந்தப் போட்டியில் எங்கள் நாடு இல்லை. யாரோடும் எங்களுக்கு வாக்குப் பகையும் இல்லை. ரசிகர் என்ற ஒரே உரிமையில் கேட்கிறோம்: நீங்கள் விலகியதற்கு உண்மையான காரணம் எது?

அன்று நீங்கள் சொன்னவை இரண்டு. மதிப்பெண்ணில் பாதி நடுவர்கள் கையில் இருப்பது ஒன்று. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய ஐந்தும், போட்டிக்கு அதிகப் பணம் தருவதால், அரையிறுதி இல்லாமலே இறுதிச் சுற்றுக்குப் போவது மற்றொன்று. இரண்டாவதில் நியாயம் உண்டு. நன்கொடை அதிகம் தந்தவருக்கு முன்வரிசை என்றால் எந்தக் கச்சேரியிலும் முணுமுணுப்பு எழத்தான் செய்யும். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்தவருக்கெல்லாம் பரிசு கிடைத்துவிடுவதில்லை. 2003-இல் ரிகாவில் செர்தாப் எரெனர் 167 புள்ளிகளோடு உங்களுக்கு வெற்றி தேடித் தந்த அதே இரவில், பிரிட்டன் ஒரு புள்ளிகூட வாங்கவில்லை.

நடுவர் விஷயத்தில் உங்கள் கணக்கே உங்களுக்கு எதிராக நிற்கிறது. இறுதிச் சுற்றில் நடுவர்களுக்குப் பாதிப் பங்கு வந்தது 2009-இல். அந்த ஆண்டு ஹதிஸே நான்காம் இடம்; அடுத்த ஆண்டு ஆஸ்லோவில் மாங்கா குழு இரண்டாம் இடம். ஜெர்மனி முதலான நாடுகளில் வாழும் துருக்கியரின் வாக்குக்கு எடை குறைந்தது என்பது மெய்தான். ஆனாலும் 2023 முதல் 2025 வரை அரையிறுதியில் நடுவர் மதிப்பெண்ணே இல்லை, மக்கள் வாக்கு மட்டும்தான். அந்த மூன்று ஆண்டிலும் நீங்கள் வரவில்லை.

2018-இல் உங்களுக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் வேறொரு காரணம் சொன்னார். தாடியும் பாவாடையுமாக ஆஸ்திரியாவுக்காகப் பாடிய கொன்சிட்டா வுர்ஸ்டைப் போன்றவர்களை, குழந்தைகள் பார்க்கும் இரவு ஒன்பது மணிக்கு நேரலையில் காட்ட முடியாது என்றார். கொன்சிட்டா வென்றது 2014-இல். 2012-இல் எடுத்த முடிவுக்கு அது எப்படிக் காரணமாகும்? திருநங்கையான டானா இன்டர்நேஷனல் 1998-இலேயே வென்றார். அதற்குப் பிறகும் நீங்கள் பாடினீர்கள். 2004-இல் இஸ்தான்புல்லில் போட்டியை நீங்களே நடத்தவும் செய்தீர்கள்.

விலகவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இஸ்ரேலின் பங்கேற்பை எதிர்த்து ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகியவை 2026 போட்டியிலிருந்து விலகின. அந்த முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். எதற்காக விலகினார்கள் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. உங்கள் காரணமோ கேட்கும் ஆண்டுக்கு ஏற்ப மாறுகிறது.

இதில் இழப்பு உங்கள் பாடகர்களுக்கு. 1975-இல் செமிஹா யாங்கி மூன்றே புள்ளிகளோடு கடைசியில் நின்றார். 1983-லும் 1987-லும் பூஜ்யம். 1997-இல் ஷெப்னெம் பேக்கர் துருக்கிய மொழியிலேயே பாடி மூன்றாம் இடத்துக்கு வந்தார். முதல் பாட்டிலிருந்து முதல் வெற்றிக்கு 28 ஆண்டுகள். அத்தனை பொறுமையாகக் கட்டிய பாதையை ஒரே அறிவிப்பில் மூடினீர்கள். மாற்றாக 2013-இல் எஸ்கிஷெஹிரில் தொடங்கிய துர்க்விஷன் பாட்டுப் போட்டியும் நிலைக்கவில்லை. 2015-க்குப் பிறகு அடுத்தது நடக்க 2020 ஆயிற்று.

எனவே எங்கள் கோரிக்கை இதுதான். வராமலிருப்பதற்கான காரணத்தை எழுத்தில் வெளியிடுங்கள். விதியோடுதான் சண்டை என்றால், ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தில் நீங்களும் உறுப்பினர். உள்ளே உட்கார்ந்து வாதாடுங்கள். மேடையில் நிற்பவரின் தோற்றத்தோடுதான் சண்டை என்றால், அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அது சரியா என்று துருக்கி மக்களே தீர்மானிக்கட்டும். இரண்டும் இல்லையென்றால், அடுத்த போட்டிக்கான பாடகரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இப்போதே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு