மணம் எச்சரிக்கும், அரசு உறங்கலாமா?

2021ஆம் ஆண்டின் இறுதி இரு மாதங்களிலும் இந்நாட்டின் தாய்மார் தத்தம் அடுக்களைக்குள் அஞ்சி அஞ்சிக் கால் வைத்த காட்சியை நாம் மறந்துவிடவில்லை. இன்று ஓர் ஊரில் அடுப்பு வெடித்தது என்ற செய்தி. நாளை வேறோர் ஊரில் குழாய் தீப்பற்றியது என்ற செய்தி. மறுநாள் மற்றோர் இல்லத்தில் அடுப்பின் கண்ணாடித் தட்டுச் சிதறியது என்ற செய்தி. உடைமை இழந்தோர் பலர். உயிரையே இழந்தோரும் உளர். பணங்கொடுத்து வாங்கிய சிலிண்டரை வீட்டுக்குள் வைத்திருக்க அஞ்சி முற்றத்தில் வைத்துவிட்டு விறகடுப்பைத் தேடியவர்கள் எத்தனை பேர்!

அந்த அச்சம் இன்று தணிந்திருக்கின்றது. அச்சம் தணிந்ததும் ஆராய்ச்சியும் தணிந்துவிடுவது நம் நாட்டு வழக்கம். ஆகவேதான் அவ்விடயத்தை மீண்டும் எடுத்துப் பேச விழைகின்றோம்.

அன்று முதலில் எழுந்த பேச்சு யாது? குழாய் பழையது, றெகுலேற்றர் தரமற்றது, அடுப்பு மலிவானது, பாவிப்போருக்குப் பாவிக்கத் தெரியவில்லை. அதாவது, குற்றம் முழுவதும் குசினியில் நிற்கும் பெண்ணின் தலையில் சுமத்தப்பட்டது. பழைய குழாயும் மலிவான அடுப்பும் ஆபத்தானவையே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே குழாய்களும் அதே அடுப்புகளும் அதற்கு முந்திய ஆண்டுகளிலும் அவ்வீடுகளில் இருந்தனவே! அவை அனைத்தும் ஒரே பருவத்தில் ஒன்றுகூடிப் பகைமை பாராட்டியது எங்ஙனம்?

விடையைத் தேட ஜனாதிபதி எண்மர் கொண்ட குழுவொன்றை நியமித்தார். மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே அதற்குத் தலைமை வகித்தார். சிலிண்டருக்குள் அடைக்கப்பட்ட வாயுக் கலவை மாறியமையே முதன்மைக் காரணம் என அக்குழு கண்டது. மாற்றியவர்கள் அறிந்திருந்தார்கள், வாங்கியவர்கள் அறியவில்லை. இவ்வொரு வாக்கியத்திலேயே அத்துன்பக் கதை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

கலவை மாறினால் என்ன நேரும் என்பதை வாசகர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் வாயு, புரொப்பேன், பியூட்டேன் எனும் இரண்டின் கலவையாகும். அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்டுச் சிலிண்டருக்குள் அடைக்கப்படுகின்றது. பியூட்டேன் ஏறத்தாழ 0 பாகை வெப்பநிலையில் ஆவியாகும். புரொப்பேனோ சுழியத்துக்குக் கீழே 42 பாகைக் கடுங்குளிரிலும் ஆவியாகும். பனி பெய்யும் நாடுகளில் பியூட்டேன் சிலிண்டருக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். அங்கே புரொப்பேன் இன்றியமையாதது. வெயில் காயும் நமது தீவிலோ பியூட்டேன் தாராளமாக ஆவியாகும். 30 பாகை வெப்பத்தில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனின் அழுத்தத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேலானது. புரொப்பேனின் பங்கை உயர்த்தினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் உயரும். குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய வால்வும் றெகுலேற்றரும் இணைப்புகளும் அதனைத் தாங்க மாட்டாமல் கசியத் தொடங்குவதில் வியப்பென்ன?

கசிந்த வாயு எங்கே போகின்றது? புரொப்பேன் காற்றிலும் ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் இரு மடங்கு கனமானது. ஆகவே கசிந்தது புகையைப் போல மேலெழுந்து கூரைவழி வெளியேறாது. தண்ணீரைப் போலத் தரையில் படர்ந்து, மூலைகளிலும் பள்ளங்களிலும் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே போதும், ஒரு தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். மேலே சன்னல் திறந்திருக்கின்றது என்று ஆறுதல் கொள்வோர் இதனைக் கருத்திற் கொள்க.

இத்தகைய பகைவனுக்கு இயற்கையிலே நிறமுமில்லை, மணமுமில்லை. நாம் உணரும் அந்தத் துர்நாற்றம், மனிதன் வேண்டுமென்றே சேர்த்தது. எதில் மெர்க்கப்டன் எனும் இரசாயனம் மிகச் சிறிதளவு கலக்கப்படுவதால், கசிவை மூக்கு அறிந்துகொள்கின்றது. மணம் சேர்க்கும் இவ்வழக்கத்தைச் சட்டமாக்கியது ஒரு பெருந்துயரம். 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில் இயற்கை வாயு கசிந்து கட்டடத்தின் அடியில் நிறைந்தது. மணமில்லாத அவ்வாயுவை ஒருவரும் உணரவில்லை. ஒரு பொறி எழுந்தது. ஏறத்தாழ 300 உயிர்கள் மாண்டன. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மாணவ மாணவியர். அதன் பின்னரே வாயுவுக்கு மணம் சேர்த்தல் வேண்டும் என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது. ஆகவே, நம் அடுக்களையில் எழும் அந்த நாற்றம் அக்குழந்தைகளின் சாவிலிருந்து பிறந்த சட்டமாகும். அதனைப் போதிய அளவில் சேர்க்காது வாயுவை விற்பது, காவற்காரனை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

மணம் ஒன்றே போதுமா என்றால், போதாது. உறங்குகின்றவன் மணத்தை உணரான். சளி பிடித்தவரும் முதியவரும் உணர்வது அரிது. சமையல் நடக்கும் இடத்திலேயே படுத்துறங்குவோருக்கு இது பேராபத்து. அமெரிக்காவில் மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படும் பயண வீடுகள் உண்டு. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, வெந்நீர்க் கலம் அனைத்தும் ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கம். அவற்றில் பலவும் புரொப்பேனால் இயங்குவன. வீதியின் குலுக்கலில் இணைப்புகள் தளரும். கசிந்தாலோ, இடம் சிறிதாகையால் வாயு விரைவில் நிறைந்துவிடும். இதனை உணர்ந்தே, அந்நாட்டுத் தீப்பாதுகாப்புத் தராதரம் இத்தகைய வண்டிகளில் வாயுக் கசிவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி இருத்தல் வேண்டும் என விதிக்கின்றது. வாயு கீழே தங்குவதால் அக்கருவியும் தரையருகிலேயே பொருத்தப்படுகின்றது. அரைகுறையாக எரியும் வாயுவிலிருந்து பிறக்கும் காபனோரொட்சைட்டு எனும் நஞ்சை அறியத் தனிக் கருவியும், தீயணைக்கும் கருவியும் அங்கே கட்டாயம். பாவிப்போர் கவனமாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையோடு மட்டும் அவர்கள் அமைந்துவிடவில்லை.

பயண வீடு நமக்கு எதற்கு என்று எவரும் எண்ண வேண்டாம். கடலுக்கு அப்பால், மதுரைப் புகையிரத நிலையத்தில் 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள் அதிகாலையில் நிகழ்ந்தது நம் நினைவை விட்டு அகலவில்லை. உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள் பயணஞ்செய்த சுற்றுலாப் பெட்டி தனியே நிறுத்தப்பட்டிருந்தது. தடையை மீறிக் கொண்டுவரப்பட்ட வாயுச் சிலிண்டரைக் கொண்டு உள்ளே தேநீர் தயாரிக்க முற்பட்டபோது தீ மூண்டது. 9 பேர் கருகி மாண்டனர். விதி இருந்தது, அதனைச் செயற்படுத்தும் கண் இருக்கவில்லை. நம் நாட்டிலும் கதிர்காமத்துக்கும் சிவனொளிபாத மலைக்கும் வண்டி பிடித்துச் செல்லும் அடியார்கள், வழியில் பொங்கி உண்பதற்காக அரிசி பருப்போடு சிலிண்டரையும் ஏற்றிச் செல்வதுண்டு. வீதியோரத்துக் கொத்துக் கடை வண்டியிலும் சிலிண்டரும் நெருப்பும் ஒரு முழ இடைவெளியிலேயே குடியிருக்கின்றன. மதுரையில் நிகழ்ந்தது இங்கே நிகழாது என்று யார் உறுதி கூற வல்லார்?

எனவே அரசாங்கத்தை நோக்கிச் சிலவற்றைக் கேட்கின்றோம். ஒவ்வொரு சிலிண்டரிலும் அடைக்கப்பட்ட கலவையின் விகிதம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், எழுத்தறிந்த எவரும் படிக்கத்தக்கவாறு பொறிக்கப்படல் வேண்டும். கலவையை மாற்றுவதாயின், மாற்றுவதற்கு முன்னர் அதனைச் சுதந்திரமான நிபுணர்கள் ஆராய்ந்து இசைதல் வேண்டும்; பொதுமக்களுக்கு அறிவித்தல் வேண்டும். கப்பலில் வந்திறங்கும் வாயுவின் மணமும் கலவையும் கரையிலேயே சோதிக்கப்படல் வேண்டும். சோதனையின் முடிவு கோப்புக்குள் உறங்காது வெளிவரல் வேண்டும். தராதரமற்ற குழாயும் றெகுலேற்றரும் கடையில் விற்கப்படுமாயின், தண்டனை இறக்குமதி செய்தவனுக்கும் விற்றவனுக்குமே உரியது. ஏமாந்து வாங்கிய ஏழைக்கு அன்று. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் வாசற்படி ஏறி இறங்கும் நிலை ஒழிதல் வேண்டும்.

இவை பேராசைக் கோரிக்கைகளா? பாற்பேணியின் மேல் உள்ளடக்கத்தை எழுதுகின்றோம். மருந்துப் போத்தலின் மேல் அளவை எழுதுகின்றோம். வீட்டையே தகர்க்கவல்ல பொருளின் மேல் எழுதச் சொல்வது மட்டும் மிகையாகுமா?

2022ஆம் ஆண்டிலே ஒரு சிலிண்டருக்காக மக்கள் வெயிலிலும் மழையிலும் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தார்கள். கிடைத்தால் போதும் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டவன், கிடைத்தது நல்லதா என்று கேட்க மாட்டான். கொழும்பு மாடிக் குடியிருப்பில் விறகு மூட்ட இடமேது? தெரிவுக்கு வழியற்ற மனிதனுக்குப் பாதுகாப்பளிக்கும் பொறுப்பு, அவனுக்கு விற்பவரையும் அவனை ஆள்பவரையுமே சார்ந்தது.

அரசின் கடமையைக் கூறிய நாம், வாசகர்களின் கடமையையும் கூறாதிருத்தல் முறையன்று. வாயு மணம் எழுந்தால் நெருப்புக்குச்சியைத் தொடாதீர்கள். மின்விளக்கையோ விசிறியையோ போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். சுவிச்சில் எழும் சிறு பொறியே போதும். எரியும் சுவாலை யாவற்றையும் அணைத்து, சிலிண்டரின் வால்வை அடைத்து, கதவுகளை அகலத் திறந்து, குழந்தைகளோடு வெளியேறுங்கள். கசிவைத் தேட மெழுகுதிரியைக் கொளுத்தாதீர்கள். சவர்க்கார நுரையை இணைப்பில் தடவினால் கசியுமிடத்தில் குமிழி எழும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் திரவமே குழாய்க்குள் புகும். வெடித்த குழாயை நாடா சுற்றி ஒட்டாது மாற்றிவிடுங்கள். பயணத்தின்போது மக்கள் அமர்ந்திருக்கும் வண்டிக்குள் சிலிண்டரை ஏற்றாதீர்கள். மூடிய வண்டிக்குள் அடுப்பு மூட்டாதீர்கள்.

இவற்றை எங்கள் தாய்மார் செய்வார்கள். செய்து முடித்த பின்னரும் சிலிண்டருக்குள் இருப்பது யாதென்று அவர்களுக்குத் தெரியாதிருக்குமாயின், அந்த அறியாமைக்குப் பொறுப்பாளி யார்? 2021இல் இக்கேள்விக்கு விடை கூறப் பலர் இறக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை விடை முன்கூட்டியே சிலிண்டரின் மேல் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இதனையே நாம் கேட்கின்றோம். கிடைக்கும் வரை கேட்போம்.