பகடைக்கும் பௌதிகம் வேண்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்)

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராக மாறி, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு ஒன்று மேலைநாடுகளில் உண்டு. விண்வெளியைக் களமாகக் கொண்ட அத்தகைய விளையாட்டான 'டிராவலர்', அமெரிக்கரான மார்க் மில்லரின் ஆக்கமாக 1977-இல் வெளிவந்தது. அதில் லேசர்த் துப்பாக்கியும் உண்டு. நம் காலத்து ரைபிளும் ரிவால்வரும் உண்டு. இன்றைய துப்பாக்கியை நாளைய விண்கலத்தில் ஏற்றும்போது, பெயரை மாற்றி வலிமையைக் கூட்டினால் மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து.

காற்றில்லாத வெளியில் துப்பாக்கி வெடிக்காது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் வெடிமருந்திலேயே அடங்கியுள்ளது. சோவியத்தின் சல்யூத்-3 விண்நிலையத்தில் பொருத்திய பீரங்கியை, உள்ளே ஆளில்லாத வேளையில், 1975 ஜனவரியில் சுட்டே பார்த்தார்கள். எனவே சுடுவதில் சிக்கலில்லை. சுட்ட பிறகுதான் சிக்கல்.

ஏ.கே.47-இன் குண்டு ஏறத்தாழ 8 கிராம். வேகம் நொடிக்குச் சுமார் 700 மீட்டர். ஆளும் விண்வெளி உடையும் சேர்ந்து 200 கிலோ என்று கொள்வோம். உந்தம் அழியா விதிப்படி, ஒரு குண்டு சுட்டவனை நொடிக்கு 2.8 சென்டிமீட்டர் வேகத்தில் பின்னே தள்ளும். மூன்று நொடியில் 30 குண்டுகளையும் தீர்த்தால் வேகம் 84 சென்டிமீட்டர்! வெளியேறும் வாயுவின் உந்தம் இதில் சேரவில்லை. தோளில் வைத்துச் சுட்டால் உடல் சுழலவும் தொடங்கும். பிடித்து நிறுத்தத் தரையும் இல்லை, காற்றும் இல்லை.

அடுத்தது வெப்பம். வெற்றிடத்தில் சூடேறிய குழலைக் குளிர்விக்கக் காற்று கிடையாது. கதிர்வீசலால் மட்டுமே அது ஆற வேண்டும். மேற்கு ஜெர்மனியில் உருவான ஜி-11 துப்பாக்கியின் தோட்டாவுக்கு உலோக உறையே இல்லை. எடை குறைந்தது, உண்மைதான். ஆனால் வெளியே விழும் உறை தன்னோடு கொண்டுபோகும் வெப்பம் உள்ளேயே தங்கியதால், தொடக்கத்தில் தோட்டா தானே வெடிக்கும் தொல்லை எழுந்தது. புதுமை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. விளையாட்டின் விதிகளில் அந்த விலையும் இடம்பெற வேண்டும். 1978-இல் வந்த 'மெர்சினரி' என்னும் டிராவலர் துணைநூல், பின்னுதைப்புக் குறைந்த துப்பாக்கிகளை எடையற்ற நிலைக்கென்றே சேர்த்தது. நான் பாராட்டும் வழி அதுதான்.

"விளையாட்டில் எதற்குக் கணக்கு? சுவை கெட்டுவிடுமே!" என்று நண்பர்கள் கேட்கலாம். பக்கம் பக்கமாக விதி எழுதச் சொல்லவில்லை. 'பற்றுக்கோடின்றிச் சுட்டவன் அடுத்த முறை குறி வைக்க இயலாது' என்ற ஒரு வரி போதும். சுடுவதா, கம்பியைப் பற்றுவதா என்று ஆடுபவன் தயங்குவான். அந்தத் தயக்கமே சுவை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "இந்தச் சூத்திரமெல்லாம் எதற்குப்பா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். தேர்வுக்கு என்று மட்டும் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு செயலின் விளைவை முன்கூட்டியே கண்டு சொல்லும் ஆற்றல் சூத்திரத்துக்கு உண்டு.

இன்னொன்றும் உண்டு. செலவின்றிச் சுடலாம், விளைவின்றிக் கொல்லலாம் என்று பழக்கும் விளையாட்டு இளம் உள்ளத்திற்கு நல்லதன்று. ஒவ்வொரு குண்டுக்கும் கணக்குக் கேட்கும் விளையாட்டு, துப்பாக்கியைத் தொடுமுன் எண்ணிப் பார்க்கக் கற்றுத்தரும். அத்தகைய விதிகளை வகுக்க அறிவியல் மாணவர்களாகிய நாமே முன்வருவோம்.