விடைக்கு ஒரு மதிப்பெண், வழிமுறைக்கு நான்கு



போன வாரம் ராஜபாளையத்தில் என் மச்சினன் வீட்டு வாசலில் ஒரு பேரம் நடந்தது. மூவாயிரம் ரூபாய்ப் பேரம். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அது உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மச்சினனிடம் 1984-ஆம் வருடத்து பென்ஸ் கார் ஒன்று இருக்கிறது. டபிள்யூ 123 என்ற வரிசை. பத்து வருடங்களில் சுமார் 27 லட்சம் வண்டிகள் செய்து விற்றார்கள். இவனுடையது ஆட்டோமேட்டிக் கியர். அவன் மாமனார் ஆசையாக வைத்திருந்தது. ஒரு வருடமாகக் காலையில் வண்டியை எடுத்தால் போர்ட்டிகோ தரையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு எண்ணெய்.

நம் ஊரில் பழைய காரில் எண்ணெய் ஒழுகுவது பெரிய விஷயமே இல்லை. அம்பாசடர் ஓட்டியவர்களுக்குத் தெரியும். கீழே ஒரு தகரத் தட்டை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியில் அப்படி இருக்க முடியாது. அம்பாசடரில் பற்கள் தேயாமல் இருக்க எண்ணெய். இதிலோ எண்ணெய்தான் வேலைக்காரன். எதிரெதிரே இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? அதைப்போல என்ஜினின் சுழற்சியை எண்ணெய்தான் பெட்டிக்குள் கடத்துகிறது. எண்ணெயின் அழுத்தம்தான் உள்ளே கிளட்சுகளைப் பிடித்து கியரை மாற்றுகிறது. சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோவதும் அதுதான். அளவு குறைந்தால் கிளட்ச் வழுக்கும், சூடேறும், கருகும்.

(ஒரு செய்தி. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமாட்டிக் என்ற பெயரில் இந்த வகைப் பெட்டி பரவலாக விற்பனைக்கு வந்தது. 1970-களின் தொடக்கம் வரை இந்த எண்ணெயில் திமிங்கில எண்ணெயும் கலந்தார்கள். அமெரிக்கா அதற்குத் தடை போட்ட பிறகுதான் மாற்று கண்டுபிடித்தார்கள்.)

மச்சினன் முதலில் ஒரு பட்டறைக்குப் போனான். கீழ்த்தட்டிலிருந்து சொட்டுகிறது, கேஸ்கெட் போய்விட்டது என்று மாற்றினார்கள். நிற்கவில்லை. போல்ட்டை இன்னும் இறுக்கினார்கள். தட்டின் விளிம்பு வளைந்ததுதான் மிச்சம். அடுத்த இடத்தில், பெட்டியையே இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்று பெரிய தொகையாகச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

கடைசியில் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் வந்தான். நாற்பதைத் தாண்டிவிட்டான், எனக்கு இன்னும் ‘அவன்’தான். முதல் நாள் முழுக்க எந்த போல்ட்டையும் தொடவில்லை. அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவித் துடைத்தான். முடங்கியார் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவந்து, சுத்தமான அட்டையை விரித்து அதன்மேல் நிறுத்தினான். பிறகு ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, டார்ச்சோடு படுத்தான். அரை மணி, மறுபடி துடைப்பு, மறுபடி ஓட்டம். இரண்டாம் நாள் காலையில் கண்டுபிடித்தான்.

கசிந்தது தட்டிலிருந்து இல்லை. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் கியரை ஒன்று இறக்கிக் கொடுக்கும் கிக்டவுன் சாலினாய்டு என்ற சிறு பாகம் பெட்டியில் திருகி இருக்கும். அதன் ரப்பர் வளையம் சூட்டில் காய்ந்து கெட்டியாகிவிட்டது. அங்கே கசிந்த எண்ணெய் வழிந்து, தட்டின் விளிம்புக்கு வந்து சொட்டியிருக்கிறது. வளையத்தை மாற்றி, தட்டின் விளிம்பை நிமிர்த்தி, ஃபில்டரும் எண்ணெயும் புதிதாகப் போட்டான். தரை காய்ந்துவிட்டது.

எண்ணெய், ஃபில்டர் காசு தனி. கூலி மூவாயிரம் கேட்டான். மச்சினன், “ஒரு ரப்பர் வளையத்துக்கு மூவாயிரமாப்பா? ரெண்டாயிரம் வச்சுக்கோ” என்றான்.

“அண்ணாச்சி, வளையத்துக்கு நீங்க காசே தர வேண்டாம். தேடுனதுக்குத்தான் கேக்கேன்” என்றான் அவன். கடைசியில் இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். ஐந்து மதிப்பெண் கணக்கில் விடைக்கு ஒன்று, வழிமுறைக்கு நான்கு என்று உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! விடையை மட்டும் எழுதியவன் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினான் என்று காதைத் திருகியிருக்கிறேன். அந்த வாத்தியார்தான், வழிமுறையைக் கரும்பலகையில் எழுதுவதுபோல் செய்து காட்டியவனுக்கு மதிப்பெண் வெட்டப்படும்போது சும்மா நின்றார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இவனுடைய அப்பாவிடம் ஒரு நாள், “இவனுக்குப் படிப்பு ஏறாது, ஏதாவது மெக்கானிக் கடையில் விடுங்க” என்று சொன்னவனும் நானே. அன்றைக்கு அதை நான் யோசனையாகச் சொல்லவில்லை. ஏளனமாகத்தான் சொன்னேன்.

என் கருத்து இதுதான். நாம் பாகத்துக்குக் காசு கொடுக்கிறோம், கண்டுபிடிப்பதற்குக் கொடுப்பதில்லை. அதனால்தான் பட்டறைகளும் தேடுவதை விட்டுவிட்டுப் பாகத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பெரிய பாகத்தில் லாபம், தேடுவதில் நஷ்டம் என்றால் யார் டார்ச்சோடு படுப்பார்கள்? குற்றத்தில் பாதி நம்முடையது.

பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அவன் சொன்னவை:

1. இந்த வண்டியில் எண்ணெய் அளவைச் சமதரையில், நன்றாக ஓடிச் சூடான பிறகு, என்ஜின் ஓடும்போதே, கியரை ‘பி’-யில் வைத்துப் பார்க்க வேண்டும். வேறு வண்டி என்றால் அதன் புத்தகத்தைப் பாருங்கள், முறை மாறும்.

2. டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவே சுமார் 300 மில்லிதான். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அதிகமானால் நுரைத்து, அதுவே கெடுதல்.

3. கசிவை அடைக்கும் மருந்து என்று விற்பதை ஊற்றி நிம்மதியாக இருக்காதீர்கள். அது ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அவ்வளவுதான்.

4. கேஸ்கெட் கசிந்தால் இன்னும் இறுக்குவது மருந்தல்ல.

நேற்றுக் காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி அவன் கடைக்குப் போய் ஆயிரம் ரூபாயைக் கொடுத்தேன். வேண்டாம் என்பான், வற்புறுத்த வேண்டும் என்று நினைத்துப் போனேன். “குடுங்க சார், கூலிதானே” என்று வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டான். எனக்கு அது பிடித்திருந்தது. அப்பாவிடம் நான் சொன்னது அவனுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க மட்டும் தைரியம் வரவில்லை.

மாப்பிள்ளை இதைப் படிப்பான். கோபித்துக்கொள்ளட்டும், தீபாவளிக்குள் சரியாகிவிடும்.

நீங்கள் அடுத்த முறை காரோ மோட்டாரோ மிக்சியோ சரிபார்க்கக் கொடுக்கும்போது, “எவ்வளவு ஆகும்?” என்பதற்கு முன்னால், “எங்கே கோளாறு என்று பார்த்துச் சொல்ல எவ்வளவு?” என்று கேளுங்கள். அதைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்