‘ஆயாதானே!’ என்போருக்கு

‘அவள் ஆயாதானே!’ இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இன்றும் காதில் விழும் ஏளனம் இது. ஏளனம் செய்வோர் அச்சொல்லின் பிறப்பை அறிந்தாரில்லை.

தமிழில் ‘ஆய்’ என்றால் தாய். தமிழகத்தின் சில பகுதிகளில் ‘ஆயா’ என்றால் பாட்டி. ஆயினும், பணியைக் குறிக்கும் ‘ஆயா’ போர்த்துக்கேயர் தந்த சொல் என்று 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி கூறும். அதன் மூலம் பாட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல் என்பர் மொழிநூலார். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் அலமாரி, சாவி, சன்னல், காம்பிரா என்று நமக்கு விட்டுச்சென்ற சொற்கள் பல. அவர்கள் நாட்டில் ஆயா, பெருங்குடிப் பிள்ளைகளை வளர்த்து ஒழுக்கம் புகட்டிய மாதரசி!

அத்தகைய சொல் துரை பங்களாவின் பின்வாசலில் தாழ்ந்தது எவ்வாறு? சுமந்தவளின் கூலி தாழ்ந்தது; சொல்லும் உடன் தாழ்ந்தது. வெள்ளையர் குழந்தைகளோடு கடல் கடந்த ஆயாமார் பலர் இலண்டனிலே கைவிடப்பட்டனர். அவர்களுக்குப் புகலளித்த ஹாக்னி இல்லத்தில் நினைவுப் பலகை பதிக்க 2022 வரை ஆயிற்று.

சப்பிரகமுவவைப் பாருங்கள். வெயில் ஏறினால் றப்பர்ப் பால் வடிவது குறையும்; ஆகவே வைகறையிலேயே வெட்டு தொடங்கும். பிள்ளை மடுவத்தில் ஆயா இல்லையேல் தாய் மலைக்குப் போவது எங்ஙனம்? துரைக்குப் பால் ஏது? பிள்ளை மடுவம் கருணையன்று. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் விதித்த கடமை.

இன்று மடுவம் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ ஆயிற்று. ஆயா ‘உத்தியோகத்தர்’ ஆனார். மகிழ்கிறோம். ஆனால் நியமனக் கடிதம் எங்கே? பதவிக்கேற்ற சம்பளம் எங்கே? 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சேமலாப நிதி ஒழுங்காகச் செலுத்தப்படுகிறதா? தோட்டந்தோறும் கேளுங்கள்!

பிறரை மட்டும் சாடிப் பயனில்லை. தோட்டத்துப் பெண்ணை வீட்டில் ஆயாவாக வைத்திருக்கும் படித்த தமிழரே, 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வீட்டுப் பணியாளரை விலக்கியே இயற்றப்பட்டது. அவ்விலக்கு உமக்கு வசதியாயிருந்ததன்றோ? உம் பிள்ளைக்குச் சோறூட்டிய கைக்கு, அவள் வீடு திரும்பும் நாளில் நீர் கொடுத்தது என்ன?

பெயர் மாற்றியது போதும். கணக்கைத் தீருங்கள்!