சவுத்தால் டைரி: அஞ்சுக்கு ரெண்டு

மக்களே, வருஷக் கடைசி. ஆளாளுக்குப் புது உறுதிமொழி எடுக்குற சீசன். அதுக்கு முன்னாடி பழைய கணக்கைப் பார்த்துடலாம்னுதான் இந்தப் பதிவு.

போன ஜனவரியில மாஸ்டர்ஸ் படிக்க வந்து இறங்கின முதல் ராத்திரி, சவுத்தால் ரூம்ல தூக்கம் வராம நோட்டுல ஒரு லிஸ்ட் எழுதினேன். ஸ்டேஷன் போர்டுல இங்கிலீஷுக்குக் கீழ குர்முகி எழுத்தைப் பார்த்ததுல வந்த தெம்பு!

1. எட்டு கிலோ குறைக்கணும்.
2. கல்விக்கடன்ல பாதி அடைக்கணும்.
3. டிஸ்ஸர்டேஷனை நவம்பர்லயே முடிக்கணும்.
4. அஞ்சு கிலோமீட்டர் நிக்காம ஓடணும்.
5. அப்பாகிட்ட வாரம் ஒரு தடவையாவது பேசணும்.

முதல் மூணும் ஊத்திக்கிச்சு. பிராட்வேல நடந்து பாருங்க, சூடா ஜிலேபி சுத்துற வாசனையைத் தாண்டி வந்தவங்களுக்குத் தெரியும் எடை குறைக்குற கஷ்டம். கடனா? ஸ்டூடண்ட் விசால டெர்ம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். வாடகை போக மிச்சத்தைக் கூட்டிப் பார்த்திருந்தா அந்த வரியையே எழுதியிருக்க மாட்டேன். டிஸ்ஸர்டேஷன் கொடுக்க இன்னும் மூணு வாரம். இதுவரை முடிஞ்சது ரெண்டு சாப்டர். (சிரிக்காதீங்க.)

நாலாவது தேறினது பார்க்ரன் புண்ணியத்துல. 2004 அக்டோபர்ல, காயத்தால ஓட முடியாம இருந்த பால் சின்டன்-ஹெவிட், லண்டன் புஷி பார்க்ல 13 பேரை ஓட வெச்சு ஆரம்பிச்சது. சனிக்கிழமை காலை 9 மணி, 5 கிலோமீட்டர், பைசா கிடையாது. எங்களுக்குப் பக்கம் ஆஸ்டர்லி பார்க். கடைசியா வர்றவங்களுக்கும் பின்னால டெயில் வாக்கர்னு ஒருத்தர் வருவார், அதனால யாருமே கடைசி இல்ல. முதல் ஒரு மாசம் எனக்கு அவங்கதான் சிநேகிதம். ஆகஸ்ட்ல நிக்காம ஓடி முடிச்சேன். 41 நிமிஷம்!

அஞ்சாவதுக்கு வர்றேன். எங்க வீட்ல போன் பண்ணினா அப்பா எடுத்து, "இரு, அம்மாகிட்ட தர்றேன்"னுடுவார். இருபத்தஞ்சு வருஷமா இதான் எங்க உரையாடல். ஓடி முடிச்சு பஸ் ஸ்டாப்ல நிக்கும்போது ஊர்ல டீ நேரம். அப்ப அவர் நம்பருக்கே போட ஆரம்பிச்சேன். "சாப்டியா?" "சாப்டேன்." "குளிரா?" "குளிர்தான்." ரெண்டு நிமிஷம் தாண்டாது. ஏப்ரல் வாக்குல அவரே கேட்டார்: "இன்னிக்கு எத்தனை நிமிஷம்?"

ஜூன்ல ஒரு சண்டை. வீட்டுப் பத்திரத்தை வெச்சு வாங்கின கடன். வட்டி கட்ட ஒரு கடையில கணக்கு எழுதப் போறேன்னார், ரிட்டயர் ஆன மனுஷன். நான் கத்திட்டேன். ரெண்டு சனிக்கிழமை போன் பண்ணல. மூணாவது சனிக்கிழமை அதே பஸ் ஸ்டாப், கை தானா நம்பரைப் போட்டுடுச்சு. மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அதுக்குள்ள அவர், "எத்தனை நிமிஷம்?"

டிஸ்ஸர்டேஷன் எழுதாம மேஞ்சுட்டு இருந்தப்ப ஒரு ஆராய்ச்சி கண்ணுல பட்டுச்சு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலி குழு 2010-ல வெளியிட்டது. 96 பேர், 12 வாரம். காலைச் சாப்பாடு மாதிரி தினமும் எப்படியும் நடக்குற ஒரு விஷயத்தோட ஒரு சின்ன வேலையைக் கட்டிப் போடணும். அது பழக்கமாக சராசரியா 66 நாள். ஆளைப் பொறுத்து 18-லேர்ந்து 254 வரைக்கும் போகுமாம். 21 நாள்ல எல்லாம் வந்துடும்ங்கிறது கதை. இன்னொண்ணு, ஒரு நாள் விட்டுப்போனா குடி முழுகிடாது.

என்னுது வாரக் கணக்குதான், ஆனாலும் பொருந்துது. என் முதல் மூணும் வெறும் ஆசை, எப்ப எங்கன்னு எழுதவே இல்ல. கடைசி ரெண்டும் சனிக்கிழமைங்கிற ஆணியில மாட்டி வெச்சது.

அதனால புது லிஸ்ட்ல ஒரே வரி. காலைல டீ போட்டதும், போனைத் தொடுறதுக்கு முன்னாடி, டிஸ்ஸர்டேஷன் ஒரு பக்கம். நாளைலேர்ந்து. கடன் கணக்கை இந்தச் சனிக்கிழமை அப்பாகிட்டயே கேட்டு எழுதப் போறேன், அவர்தான் கணக்குல புலி.

உங்க லிஸ்ட்ல எத்தனை தேறிச்சு? உண்மையைச் சொல்லணும் :-)